ஒரே பெயரில் இன்னொருவரை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? சித்தியின் ஊராட்சித் தேர்தல், உங்கள் யோசனை வேண்டும்

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் என் சித்தி ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றார். மதுரைப் பக்கம், பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி. 38 ஓட்டில் தோற்றார். அதே பெயரில் கடைசி நாளன்று மனுப் போட்ட ஒரு அம்மாவுக்கு 61 ஓட்டு விழுந்திருந்தது. அந்த அம்மா ஒரு வீட்டு வாசலிலும் நின்று ஓட்டுக் கேட்கவில்லை, ஒரு நோட்டீஸ்கூட அடிக்கவில்லை. வாக்கு எண்ணுகிற இடத்துக்கும் வரவில்லை. அவருக்கு மனு எழுதிக்கொடுத்து, டெபாசிட் கட்டி, வண்டியில் கூட்டிப்போனது யார் என்று ஊருக்கே தெரியும்.

சித்தி பெயர் மு. செல்வராணி என்று வைத்துக்கொள்ளுங்கள் (உண்மைப் பெயர் வேண்டாம்). அந்த அம்மாவும் மு. செல்வராணி. இவர் கணவர் பெயரும் 'மு', அவர் கணவர் பெயரும் 'மு'. ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னமும் கிடையாது, சுயேச்சைச் சின்னம்தான். எங்களுக்குப் பூட்டு சாவி, அவருக்குக் கட்டில். இளஞ்சிவப்புச் சீட்டில் ஒரே பெயர் அடுத்தடுத்த வரியில். போட்டோ கிடையாது.

இதில் என்னை இன்றும் உறுத்துகிற ஒன்று உண்டு. ஊரில் யாருமே சித்தியைச் செல்வராணி என்று கூப்பிட்டதில்லை. இருபது வருஷமாக ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவர், எல்லாருக்கும் 'டைலரக்கா'. பிரச்சாரத்திலும் நாங்கள் 'உங்கள் டைலரக்கா' என்றேதான் மைக்கில் சொன்னோம். பெயரை ஒழுங்காகச் சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு. சீட்டில் 'டைலரக்கா' என்று எங்கே இருக்கிறது?

27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. எங்கள் மாவட்டமும் அதில் ஒன்று. அடுத்த தேர்தலில் சித்தி திரும்ப நிற்கிறார். அதே ஆட்கள் அதே வேலையைச் செய்வார்கள் என்று இப்போதே பேச்சு வருகிறது. இதைத் தடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறதா? பெயரும் பின்னணியும் ஓட்டை எவ்வளவு மாற்றும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சட்டப்புள்ளி:
நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நிற்கவிடாமல் தடுக்க முடியாது. 2024 மே மாதம் இதே கோரிக்கையோடு ஒரு பொதுநல மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவர் தேர்தலில் நிற்கும் உரிமையை எப்படிப் பறிக்க முடியும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். ராகுல் காந்தி, லாலு பிரசாத் யாதவ் என்ற பெயர்களையே எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். மனுதாரர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், அதோடு முடிந்தது.

ஆனால் அடையாளம் காட்டச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது. 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 22-வது விதியைப் பாருங்கள். இரண்டு வேட்பாளர்களுக்கு ஒரே பெயர் இருந்தால் தொழிலையோ, வசிக்கும் ஊரையோ, வேறு ஏதாவது ஒன்றையோ சேர்த்து வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. இது நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலுக்கான விதி. உள்ளாட்சிக்கு மாநிலத் தேர்தல் ஆணையம், தனி விதிகள். ஆனாலும் இதைச் சுட்டிக்காட்டித் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கட்டாயம் வாங்குங்கள். வேட்பாளர் பட்டியல் அச்சுக்குப் போவதற்குள் இது நடக்க வேண்டும், அப்புறம் எவ்வளவு கத்தினாலும் பயன் இல்லை.

இன்னொன்று. 2015 மே 1-க்குப் பிறகு நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் வாக்குச்சீட்டிலும் இயந்திரத்திலும் வேட்பாளர் புகைப்படம் வந்தது. கொண்டுவந்ததற்குக் காரணமே இந்தப் பெயர்க் குழப்பம்தான். 2025 பீகார் தேர்தலில் இருந்து அது கலர் போட்டோவாகவும் முகம் இன்னும் பெரிதாகவும் மாறியது. ஊராட்சித் தேர்தலிலும் போட்டோ வேண்டும் என்று மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு இப்போதே எழுதலாம்.

கணக்கு வாத்தியார்:
தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். முப்பது வருஷத்தில் எத்தனை தேர்தல் வேலை பார்த்தேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. உள்ளாட்சித் தேர்தல்தான் எல்லாவற்றிலும் சிரமம். ஒரே ஆளுக்கு நாலு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எழுபது வயதுப் பாட்டி கையில் நாலு நிறத்தில் நாலு காகிதம், மை தொட்ட முத்திரை வேறு. பாவமாக இருக்கும்.

ஒரு பாட்டி உள்ளே போய் ரொம்ப நேரம் வரவில்லை. மறைப்புக்குப் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்டது: "சாரே, ரெண்டு பூ இருக்கே, எம்பேரன் சொன்ன பூ எது?" பூ ஒன்று, பூவைப் போலவே தெரியும் வேறொரு சின்னம் ஒன்று. எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லக் கூடாது. ஏஜென்ட்டுகள் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "பாட்டி, உங்களுக்கு எது சரின்னு படுதோ அதுல குத்துங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இரண்டிலும் குத்தி, மடித்துக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். செல்லாத ஓட்டு. எப்படித் தெரியும் என்றால், வெளியே போகும்போது அவரே சந்தோஷமாகச் சொன்னார், "ரெண்டுலயும் போட்டுட்டேன், எதுலயாவது அவனுக்குப் போய்ச் சேரும்."

ஒரே பெயர் வேட்பாளரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் தோற்ற வேட்பாளருக்காக வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பாட்டி நினைவுதான் வரும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் கையில் இருக்கும் ஒரே பலத்தை எங்கே அடித்தால் விழும் என்று பார்த்து அடிக்கிறார்கள். படித்தவன் தப்பித்துக்கொள்வான்.

பாலக்காட்டு எல்லை:
கேரளாவில் இது ரொம்பப் பழைய வித்தை. அங்கே 'அபரன்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2004-ல் ஆலப்புழை மக்களவைத் தொகுதியில் காங்கிரஸின் வி.எம். சுதீரன் தோற்றது 1,009 ஓட்டில். அங்கே வி.எஸ். சுதீரன் என்று ஒருவர் சுயேச்சையாக நின்று எட்டாயிரத்துக்கும் மேல் வாங்கினார். 2016-ல் மஞ்சேஸ்வரம் சட்டமன்றத் தொகுதியில் பாஜகவின் கே. சுரேந்திரன் 89 ஓட்டில் தோற்றார், கே. சுந்தரா என்பவருக்கு 467 ஓட்டு. முழுப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் போதும். எந்தக் கட்சி பாதிக்கப்பட்டது என்று பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் இதைக் கவனியுங்கள், காங்கிரஸ், பாஜக என்று எல்லாரும் அடிபட்டிருக்கிறார்கள்.

நம்ம ஊரிலும் இருக்கிறதே. 2016-ல் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். அதே தொகுதியில் இன்னொரு திருமாவளவன் சுயேச்சையாக நின்று 289 வாங்கியிருந்தார்.

நெல்லைச்சீமை:
எல்லாரும் பெயரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 61 பேரும் தெரியாமல் குத்தினார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த அம்மா எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்தக் கோயில் வரிக்காரர் என்று பார்த்தீர்களா? கிராமத்தில் பெயரைப் பார்த்து யாரும் ஓட்டுப் போடுவதில்லை. "யாரு வீட்டுப் பொண்ணு, எந்த ஊர்ல இருந்து வாக்கப்பட்டு வந்தவ" என்ற இரண்டு கேள்வியில் பாதி ஓட்டு முடிந்துவிடும்.

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பலனை இன்றைக்கும் நம் வாக்குச்சீட்டில் பார்க்கலாம், பெரும்பாலும் தலைப்பெழுத்தும் பெயரும்தான். அதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். ஆனால் சீட்டில் இல்லாதது டீக்கடையில் இருக்கிறது. வேட்பாளர் பட்டியல் வந்த அன்று சாயங்காலமே ஒவ்வொருவரும் யார் என்று பெஞ்சில் உட்கார்ந்து பிரித்து வைத்துவிடுவார்கள். வடக்கே அந்த வேலையே தேவையில்லை, பெயரே சொல்லிவிடும். சத்தீஸ்கர் மகாசமுந்து தொகுதியில் 2014-ல் பாஜக நிறுத்திய சந்துலால் சாகுவுக்கு எதிராக அதே பெயரிலும் சந்துராம் சாகு என்ற பெயரிலும் பத்துப் பேர் நின்றார்கள். எதிரே நின்றவர் முன்னாள் முதல்வர் அஜித் ஜோகி. சாகு என்பது அந்தப் பகுதியின் பெரிய சமூகத்தின் பெயர். அதாவது ஒரு ஆளின் பெயரோடு ஒரு சமூகத்தின் ஓட்டையும் சேர்த்துச் சிதறடிக்கப் பார்த்தார்கள். கடைசியில் சந்துலால் சாகு 1,217 ஓட்டில் ஜெயித்தார்.

ஆகவே உங்கள் சித்தி தோற்றதற்குப் பூட்டும் கட்டிலும் மட்டும் காரணம் என்று நினைத்தால் அடுத்த முறையும் தோற்பீர்கள். கோபப்படாதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன்.

வைகைக்கரை:
கோபம் இல்லை அண்ணே. நீங்கள் சொல்வதை நாங்களும் யோசித்தோம். அந்த அம்மாவின் சொந்தக்காரர்கள், பங்காளிகள் எல்லாம் சேர்த்தால் 20 ஓட்டு வரும், அவ்வளவுதான். ஆனால் அவருக்கு விழுந்ததில் பாதி சித்தியின் தெருவில் இருக்கிற பூத்தில் விழுந்தது. அங்கே அவருக்கு ஒரு சொந்தமும் இல்லை. அந்தத் தெருவில் முக்கால்வாசி பேர் சித்தியிடம் தைக்கிறவர்கள். முடிவு வந்த மறுநாள் ஒரு அம்மா கடைக்கு வந்து, "செல்வராணின்னு எழுதியிருக்குன்னு எம்மக சொன்னா, மேல இருந்ததுல குத்திட்டேன் டைலரக்கா" என்று சொல்லி அழுதுவிட்டார். மேலே இருந்தது கட்டில். சித்திதான் அவரைத் தேற்றி அனுப்பினார்.

பின்னணியில் எங்களுக்குச் சறுக்கல் இருந்தது என்பதும் உண்மைதான். சித்தி வாக்கப்பட்டு வந்தவர், பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எதிரணியினர் "வெளியூர்க்காரி" என்று ஒரு வார்த்தையை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். இருபது வருஷம் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவரை.

தேன்மொழி:
அந்த 'வெளியூர்க்காரி'யைப் படித்ததும் வயிறு எரிகிறது. ஆண் வேட்பாளரிடம் யாராவது இதைச் சொல்வார்களா? பெண் எங்கே பிறந்தாலும் கல்யாணமாகி வேறு ஊருக்குத்தான் போகிறாள். பிறந்த ஊரில் நின்றால் "கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு இங்கே என்ன வேலை", புகுந்த ஊரில் நின்றால் "வெளியூர்க்காரி". அப்படியானால் அவள் எந்த ஊரில்தான் நிற்பது?

பெயர் விஷயத்திலும் பெண்களுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் அப்பா தலைப்பெழுத்து, ரேஷன் கார்டில் கணவர் தலைப்பெழுத்து, ஆதாரில் வேறொன்று. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் ஊரில் ஒட்டியிருக்கிற பிளெக்ஸைப் பாருங்கள். கணவர் படம் ஆள் உயரத்துக்கு, மனைவி படம் ஒரு வட்டத்துக்குள். "அண்ணன் இன்னாரின் துணைவியார்" என்பது பெரிய எழுத்தில், அவர் பெயர் அதற்குக் கீழே சின்னதாக. வாக்காளர் சீட்டைக் கையில் வாங்கும்போது அங்கே கணவர் பெயர் இருக்காது, ஒரு தலைப்பெழுத்தாகத்தான் இருக்கும். ஊருக்கு அறிமுகமானது ஒரு பெயர், சீட்டில் இருப்பது இன்னொரு பெயர். அந்த இடைவெளியில்தான் இந்த மாதிரி ஆட்கள் வந்து நிற்கிறார்கள். தம்பி, உங்கள் 'டைலரக்கா' கதையும் அதேதான், கொஞ்சம் அன்பான வடிவம் அவ்வளவே.

ஒன்று கேட்கிறேன். சித்தி அவருடைய அப்பா தலைப்பெழுத்தைப் போட்டால் என்ன? வாக்காளர் பட்டியலில் பெயர் தனியாகவும் உறவினர் பெயர் தனியாகவும்தானே இருக்கிறது.

சட்டப்புள்ளி:
நல்ல கேள்வி அக்கா. தலைப்பெழுத்து வேறானாலே கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும். ஆனால் மனு, பிரமாணப் பத்திரம், சாதிச் சான்று தேவைப்படும் இடமானால் அது என்று எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பரிசீலனை நாளில் அதை வைத்தே ஆட்சேபம் கிளப்புவார்கள். இப்போதிருந்தே எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொரு விவரமும் சொல்ல வேண்டும். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர்கள் முதலில், பதிவு செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் வருவார்கள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை. அதனால் பெரிய கட்சி வேட்பாளரின் பெயர்க்காரர் சுயேச்சையாக நின்றால் தூரத்தில்தான் இருப்பார். இருவரும் சுயேச்சை என்றால் பக்கத்தில் பக்கத்தில். உங்கள் ஊராட்சியில் எல்லாருமே சுயேச்சைச் சின்னம் என்பதால் அடி பலமாக விழுந்திருக்கிறது.

2024-ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்துக்கு நடந்ததும் இதுதான். இரட்டை இலை இல்லாமல் சுயேச்சையாக நின்றார், அவரைத் தவிர இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் அதே தலைப்பெழுத்தோடு நின்றார்கள். ஆனால் அவருக்குப் பலாப்பழச் சின்னம் கிடைத்ததும் பிரச்சாரம் முழுக்கப் பலாப்பழத்தையே பேசினார்கள். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, கையில் இருந்தது சில வாரங்கள்தான். தோற்றார், ஆனால் 3.42 லட்சம் ஓட்டோடு இரண்டாம் இடம், அதிமுக வேட்பாளர் மூன்றாம் இடம். சின்னத்தைச் சரியாகக் கொண்டுசேர்த்தால் பெயர்க்காரர்களைத் தாண்டிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பாலக்காட்டு எல்லை:
சின்னத்தை நம்பலாம், ஆனால் சின்னத்திலும் அதே விளையாட்டு உண்டு. 2024-ல் மகாராஷ்டிராவில் சரத் பவார் கட்சிக்குத் துதாரி (ஊதுகொம்பு) ஊதும் மனிதர் சின்னம். சில தொகுதிகளில் சுயேச்சைகளுக்கு டிரம்பெட் சின்னம் கிடைத்தது, மராத்தியில் அதையும் துதாரி என்றே அழைத்தார்கள். திண்டோரி தொகுதியில் சரத் பவார் அணியின் வேட்பாளர் பாஸ்கர் பகரே ஓர் ஆசிரியர், ஊரில் 'பகரே சார்'. அங்கே பாபு பகரே என்பவர் பெயரோடு 'சார்' சேர்த்து, டிரம்பெட் சின்னத்தில் நின்றார். அவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு! ஆசிரியர் அதையும் தாண்டி ஜெயித்துவிட்டார். சாத்தாராவில் அந்த அதிர்ஷ்டம் இல்லை, டிரம்பெட் வாங்கிய ஓட்டு தோல்வி வித்தியாசத்தைவிட அதிகம்.

நம் கதைக்கு இதில் என்ன என்றால், ஊர் அழைக்கிற அந்த 'சார்' என்ற பட்டப்பெயரைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டார்கள். நாளைக்குக் கட்டில் அம்மா பெயருக்குப் பின்னால் 'டைலர்' என்று போட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். சித்தி முந்திக்கொள்ள வேண்டும்.

வலிகாமம்:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரே இல்லை என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். கட்சி அல்லது குழுவின் பெயரும் சின்னமும் மட்டும் இருக்கும், கீழே இலக்கங்கள். முதலில் கட்சிக்குப் புள்ளடி (X குறி), பிறகு அந்தக் கட்சியில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு, அதுவும் இலக்கத்துக்குத்தான். அதனால் சுவரொட்டி, துண்டுப்பிரசுரம் எல்லாவற்றிலும் முகத்துக்குப் பக்கத்தில் பெரிய இலக்கம் போட்டு அதன் மேல் புள்ளடி போட்டிருப்பார்கள்.

இதனால் ஒரே பெயர்ச் சிக்கல் இல்லை, ஆனால் பின்னணி பார்ப்பது குறைந்ததா என்றால் இல்லவே இல்லை. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய மகன், போர்க்காலத்தில் எங்கே இருந்தவர் என்ற கேள்விகள் முழுவதும் அப்படியே இருக்கின்றன. நெல்லைச்சீமை அண்ணை சொல்வதில் பாதி சரி என்றே எனக்குப் படுகிறது. சீட்டில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சனம் அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் 61 வாக்கை அது விளக்காது.

ஸ்கார்பரோ வாசி:
இங்கே கனடாவில் வேட்பாளர் பெயருக்குக் கீழே கட்சியின் பெயர் அச்சாகி வரும், சின்னம் கிடையாது, எல்லாம் வாசிப்புத்தான். 2011-ல் ராதிகா சிற்சபைஈசன் முதல் தமிழ் எம்.பி. ஆனபோது அந்த நீளப் பெயரை வீட்டு முன்றில் பலகைகளில் பார்த்தது இன்னும் மனதில் நிற்கிறது. தமிழ் தெரியாதவர்களுக்கு வாயில் வராத பெயர். நாங்கள் கதவு தட்டப் போனபோது முதல் வேலையே அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிக் காட்டுவதுதான். இரண்டு தரம் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள், அதற்குப் பிறகுதான் கொள்கை எல்லாம்.

அமெரிக்காவில் பெயரே ஆயுதமானதையும் பார்த்தோம். 2008-ல் பராக் ஒபாமாவின் நடுப்பெயர் ஹுசைன் என்பதை அழுத்தி அழுத்திச் சொல்லியே அவரை அந்நியராகக் காட்டப் பார்த்தார்கள். மினசோட்டாவில் ஒரு கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து அவர் அராபியர், அவரை நம்ப முடியாது என்று சொன்னார். எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்ன் அவரிடமிருந்து மைக்கை வாங்கி, அப்படி இல்லை, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், இந்த நாட்டுக் குடிமகன், எங்களுக்குள் கருத்து வேறுபாடுதான் என்றார். சொந்தக் கூட்டத்திலேயே சிலர் முணுமுணுத்தார்கள். தோற்கப்போகிற நேரத்தில் எதிராளியின் பெயருக்காக ஒருவர் அப்படிப் பேசியதை நான் பெரிதாக மதிக்கிறேன் (அரபு என்றாலே கண்ணியம் இல்லை என்பது போல அந்தப் பதில் அமைந்துவிட்டது என்ற விமர்சனமும் நியாயமானதுதான்). 2025 நியூயார்க் மேயர் தேர்தலில் ஸோஹ்ரான் மம்தானி விவாத மேடையிலேயே தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக் காட்டினார், எதிரே நின்ற முன்னாள் ஆளுநர் அதைத் தொடர்ந்து தப்பாகவே உச்சரித்துக்கொண்டிருந்ததால்.

தம்பி வைகைக்கரை, நீங்களும் பெயரைச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். சொந்த ஊர்தானே என்று விட்டுவிட்டீர்கள்.

வைகைக்கரை:
உண்மைதான், அதைத்தான் விட்டுவிட்டோம்.

இன்னொன்றை மறைக்காமல் கேட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டிலேயே மாமா ஒருவர், "அவங்க ஒரு செல்வராணியை நிறுத்தினா நாம அவங்க ஆள் பேர்ல ரெண்டு பேரை நிறுத்துவோம்" என்கிறார். ஆளும் பார்த்து வைத்திருக்கிறார். டெபாசிட்டும் அவரே கட்டுகிறாராம். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்கிறார். சித்திக்கு மனமில்லை, ஆனால் வீட்டில் பாதிப் பேர் மாமா பக்கம்.

நெல்லைச்சீமை:
எனக்கு மாமா பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. சட்டமே நிற்கலாம் என்கிறது. எதிரி கத்தி எடுத்துக்கொண்டு வரும்போது நாம் மட்டும் வெறுங்கையோடு நிற்பதா?

கணக்கு வாத்தியார்:
வேண்டாம் ஐயா. நீங்கள் அந்த வீட்டு ஆள் பெயரில் இரண்டு பேரை நிறுத்தினால் ஏமாறப்போவது அந்த ஆள் இல்லை, அவருக்கு ஓட்டுப் போட வரும் கிழவன் கிழவிதான். அவர்களில் பாதிப் பேருக்கு உங்கள் சித்திதான் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக் கொடுத்திருப்பார். அழுதுகொண்டே கடைக்கு வந்த அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். இந்த முறை அதேபோல இன்னொரு அம்மா அந்த வீட்டு வாசலில் போய் அழ வேண்டுமா? ஜெயித்த பிறகு ஐந்து வருஷம் அதே தெருவில்தானே நடக்க வேண்டும்.

தேன்மொழி:
சார் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். அதோடு, நிறுத்தப்படும் அந்தப் பெயர்க்காரர்கள் யார் என்றும் பாருங்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், கையில் கொஞ்சம் காசு, இல்லாவிட்டால் ஒரு கடன் தள்ளுபடி, அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைப்பது. ஊர் முழுக்கக் கெட்ட பெயர் மட்டும் அவர்கள் தலையில். கட்டில் அம்மாவையும் நான் திட்ட மாட்டேன். அவரைக் கூட்டிப்போனவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சட்டப்புள்ளி:
காசு கொடுத்து நிறுத்துவது வெறும் தந்திரம் என்ற கணக்கில் வராது, அதையும் மாமாவிடம் சொல்லுங்கள். ஒருவரை வேட்பாளராக நிற்கவோ விலகவோ வைக்கப் பணமோ பொருளோ கொடுப்பது தேர்தல் சட்டப்படி லஞ்சம். நிரூபிக்கப்பட்டால் ஜெயித்த தேர்தலே செல்லாது என்று ஆகலாம். டெபாசிட் அவர் கட்டுகிறார் என்றீர்களே, அதைப் பொது இடத்தில் எழுதியதே போதும், இத்தோடு விடுங்கள்.

நெல்லைச்சீமை:
சரி, லஞ்சம் என்று வந்தால் நான் பின்வாங்குகிறேன். அந்த முனையை யோசிக்கவில்லை. ஆனால் பின்னணி பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை. 'வெளியூர்க்காரி' என்பதற்கு இந்த முறை பதில் வைத்திருங்கள். தேர்தல் அறிவித்த பிறகு பதில் தேடாதீர்கள். உங்கள் ஊரில் வாக்கப்பட்டு வந்த பெண்கள் எத்தனை பேர் என்று வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்து எண்ணுங்கள். கல்யாணமான பெண்களில் பெரும்பாலோர் வெளியூரில் பிறந்தவர்களாகத்தான் இருப்பார்கள். சித்தியை வெளியூர்க்காரி என்றால் அவர்கள் அத்தனை பேரையும் சொன்னதாக ஆகும். அதை அவர்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சித்தியே பேசட்டும், மைக் வேண்டாம்.

தேன்மொழி:
அண்ணே, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இந்த இழையில் வந்த நல்ல யோசனை இது.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ஊருக்குப் போயிருந்தேன், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இதையெல்லாம் சித்தியிடம் படித்துக் காட்டினேன். வாத்தியார் ஐயா எழுதிய பாட்டி கதையைக் கேட்டு மெஷினை நிறுத்திவிட்டார். மாமாவைக் கூப்பிட்டு, "இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்ல வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டார். மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போயிருக்கிறார், சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார்.

போட்டோ கேட்டு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு மனு எழுதியாகிவிட்டது, பதிவுத் தபாலில் போகிறது. கடை வாசலில் இத்தனை வருஷம் பலகையே கிடையாது, பெயின்டரிடம் சொல்லியாயிற்று: மேலே 'செல்வராணி', கீழே 'டைலர்'. தைத்த துணியைப் போட்டுக் கொடுக்கிற துணிப்பையிலும் அதே பெயரை அச்சடிக்கப்போகிறோம். முதலில் 500 பை. எழுதத் தெரிந்த பிள்ளைகள் துணி வாங்க வந்தால், பையில் இருக்கிற பெயரைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டச் சொல்லியே கொடுத்தனுப்பப் போகிறாராம். வாக்காளர் பட்டியலை எண்ணுகிற வேலை எனக்கும் என் தங்கைக்கும், இந்த ஞாயிற்றுக்கிழமை.

தலைப்பெழுத்து மட்டும் இன்னும் முடிவாகவில்லை. தாத்தா பெயர் பெரியகருப்பன், 'பெ' போடலாம் என்று சித்திக்கு ஆசை இருக்கிறது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அச்சகக்காரர் பையில் என்ன போட என்று இரண்டு தரம் போன் பண்ணிவிட்டார். நாளைக்குச் சொல்கிறோம் என்றிருக்கிறோம்.